மாவட்டத்திலேயே மகிழ்ச்சியான மனிதர்

நவம்பர் பதினான்காம் தேதி காலை ஓஸ்முன்னின் வாயிலிருந்து வசவுகள் காணாமல் போயின.

ஸ்கார்வொய் தீவில் இது சின்ன விஷயம் இல்லை. நார்வேயின் வடக்கு ஓரத்தில், வரைபடம் போட்டவர் பேனாவை உதறியபோது தெறித்த மைத்துளி போலக் கிடக்கும் தீவு அது. முப்பத்தொரு பேர், பதினெட்டுப் படகு, ஒரு கடை. அங்கே ஒருவரை ஒருவர் திட்டித்தான் பேசுவார்கள். திட்டாமல் வலை வீசினால் மீன்கள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு வேறு தீவுக்குப் போய்விடும். ஒருமுறை, பறவைகளை எண்ணுவதற்காகத் தெற்கிலிருந்து வந்திருந்த ஒருவர், பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் வாழ்த்தைக் காதில் வாங்கிவிட்டு, கொலை நடக்கிறதென்று போலீசுக்குப் போன் செய்தார். வந்த போலீஸ்காரர் வடக்கத்திக்காரர். விசாரித்து முடித்து, தன் பங்குக்கு நாலு வசவு வாழ்த்திவிட்டு, கேக்கும் சாப்பிட்டுவிட்டுப் போனார். பறவைக்காரர்தான் அடுத்த படகில் ஊருக்குத் திரும்பினார்.

அந்தப் பதினான்காம் தேதி, தீவுக்காரர்கள் எல்லோரும் இணையத்தில் எழுதும் துறைமுகப் பக்கத்தில், ஓஸ்முன்னின் நாற்பது வருட நண்பன் பேடர் இப்படிப் போட்டிருந்தான்: "டேய் ஓஸ்முன், அழுகுன காட் மீனே, உன் கயிறு என் படகுல சுத்திக்கிட்டுக் கெடக்கு. வந்து எடுத்துத் தொலை."

ஓஸ்முன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவர் விரல்கள் தானாகவே நடனமாடும். பேடரின் மூக்கு, பேடரின் படகு, பேடர் தப்பித்தவறிப் பிறந்த அந்த நாள் எல்லாவற்றையும் சேர்த்து மூன்றே வரியில் முடித்துவிடுவார். அன்றைக்குத் தேடிப் பார்த்தார். வசவுகள் இருந்த இடம் காலியாக இருந்தது. தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் ஏற்றிவிட்டுப் போன வீடு போல, சுவரில் படம் மாட்டியிருந்த வெளுப்பு மட்டும் தெரிந்தது. கடைசியில் கையில் அகப்பட்டதை எழுதினார்.

"மன்னிக்கவும், பேடர். இன்றே எடுத்துவிடுகிறேன். சிரமத்துக்கு வருந்துகிறேன். இனிய நாளாக அமையட்டும்."

அதற்குப் பிறகு துறைமுகப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

உண்மையில் விஷயம் அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. காரணம் என்று எதையும் காட்ட முடியாது. யாரும் சாகவில்லை. மீன் நன்றாகத்தான் கிடைத்தது. அறுபத்தேழு வயதுக்கு முழங்கால்கூட மோசமில்லை. ஒரு காலை அவர் எழுந்து சமையலறைக்கு வந்தபோது தரையில் கடல் இருந்தது. கணுக்கால் அளவு, தெளிவாக, சத்தமில்லாமல். அவர் காலை நனைத்துக்கொண்டே காபி போட்டுக் குடித்தார். அடுத்த வாரம் அது முழங்கால் வரை வந்தது. நவம்பரில் மார்பு வரை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டு, அந்த வருடத்துக்கு இனி வருவதில்லை என்று தீர்மானித்த பிறகு, நீருக்கும் தைரியம் வந்துவிட்டது. நாற்காலிகள் மெல்ல மிதந்தன. விளக்கைச் சுற்றி மீன்கள் வந்து நின்று, பழைய சொந்தக்காரர்கள் மாதிரி அவரைப் பார்த்தன. கையைத் தூக்கினால் கை வந்து சேரக் கொஞ்ச நேரமாயிற்று. கதவைத் திறந்துவிட்டுப் பார்த்தார். நீர் வெளியே போகவில்லை. அது வீட்டிலிருந்ததல்ல, அவரோடு நடந்து வந்தது.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? ஸ்கார்வொயில் ஒருவரைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்பது வழக்கமில்லை. அவர் வீட்டுக்கு வேலையில்லாமல் போவதும் வழக்கமில்லை. ஏதாவது இரவல் கேட்க வந்தால்தான் வந்ததற்கு நியாயம்.

ஆகவே பேடர் மறுநாள் துளைபோடும் மிஷின் இரவல் கேட்டு வந்தான்.

"அந்த ஓட்டை மிஷின் இருக்கா, இல்ல துருப்பிடிச்சு செத்துப்போச்சா?"

"இருக்கு, பேடர். எடுத்துக்கோ. நீயே வெச்சுக்கோ."

பேடர் மிஷினைக் கையில் வாங்கி, அது கடித்துவிடும் போலப் பார்த்தான். "வெச்சுக்கவா? போன வருஷம் ஒரு திருகாணி கேட்டதுக்கு எங்கப்பனையே இழுத்த ஆளு நீ."

"தப்புதான். உங்க அப்பா நல்ல மனுஷன்."

பேடர் உட்கார்ந்துவிட்டான். அவன் அப்பா நல்ல மனுஷன் இல்லை என்பது முப்பத்தொரு பேருக்கும் தெரியும். விளக்கு அம்மாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

விளக்கு என்பது மாவட்ட அலுவலகம் புதிதாக வாங்கியிருந்த கணினி நிரல். சம்மதித்தவர்கள் இணையத்தில் எழுதுவதை எல்லாம் படித்து, யார் உள்ளுக்குள் இருண்டுபோகிறார்கள் என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. சம்மதக் கையெழுத்துக்கு வாஃபிள் என்ற கட்டம் போட்ட அப்பம் சுடும் இரும்பு ஒன்று இலவசம் என்பதால் தீவு முழுக்கக் கையெழுத்துப் போட்டது. ஒரு மாதத்தில் விளக்கு இருபத்தெட்டுப் பேருக்குச் சிவப்பு நிறம் கொடுத்தது. மீதி மூவரில் ஒருவர் கைபேசியைக் கடலில் தவறவிட்டவர், ஒருவர் எட்டு மாதக் குழந்தை, மூன்றாமவர் ஓஸ்முன். சிவப்பானவர்களைப் பார்த்துப் பேச இங்குன் என்ற ஐம்பது வயது அம்மாளைத் தெற்கிலிருந்து வேலைக்கு வைத்திருந்தார்கள். அவர் படகில் வாந்தி எடுத்தபடியே வந்து, வீடு வீடாக உட்கார்ந்து, வீட்டுக்கு வீடு அதே இரும்பில் சுட்ட வாஃபிளைத் தின்றுகொண்டிருந்தார்.

"நேத்து எங்கிட்ட கேக்குறா," என்று பேடர் குரலை மெலிதாக்கிக்கொண்டான். "'பேடர், கடல் நாசமாப் போக, எல்லாம் ஒழியன்னு எழுதியிருக்கீங்களே, மனசுல என்ன பாரம்?' நான் சொன்னேன், மூணு டன் மீனு, அதுதாம்மா பாரம், சந்தோஷத்துல எழுதுனேன். 'சந்தோஷம்னா சந்தோஷமா இருக்குன்னு எழுதலாமே'ங்கறா. அப்படி எழுதுனா ஊர்ல எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு ஆள் அனுப்பிருவாங்கன்னேன்."

"பாவம், அவங்க கடமையைச் செய்யறாங்க," என்றார் ஓஸ்முன்.

"அடேய், அந்த விளக்கு எப்படிப் படிச்சுதாம் தெரியுமா? தலைநகரத்துல, காலேஜுப் புள்ளைங்க எழுதுனதைப் படிச்சு, துக்கம்னா இதுதான்னு கத்துக்கிச்சாம். முக்காவாசி பொண்ணுங்க. எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசு. அறுபது தாண்டுன மீன்காரன் ஒருத்தன்கூடவா இல்லன்னு கேட்டேன். ஒருத்தர் இருந்தாராம். இப்படியெல்லாம் மனுஷன் எழுதுவானா, இது போலி ஆளுன்னு சொல்லித் தூக்கிட்டாங்களாம்."

இந்த இடத்தில் ஓஸ்முன் சிரித்திருக்க வேண்டும். அவர் தலையை மட்டும் அசைத்தார். பேடரின் தோளுக்கு மேலே ஒரு மீன் மெதுவாகத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தில் ஆறு பேர் இரவல் கேட்டு வந்தார்கள். ஆறு பேரும் கேட்டதைச் சொந்தமாகவே வாங்கிக்கொண்டு, வெளுத்த முகத்தோடு திரும்பினார்கள். தூண்டில் சுற்றும் ராட்டை போயிற்று. மழைக்கோட்டு போயிற்று. கடை நடத்தும் குட்லோக் அரைக் கிலோ சர்க்கரை கேட்க வந்தாள். கடை வைத்திருப்பவள் சர்க்கரை இரவல் கேட்பதில் உள்ள கோளாறு அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சர்க்கரையோடு டப்பாவையும் கொடுத்தனுப்பினார்.

பிறகு கடையில் கூட்டம் போட்டிருக்கிறார்கள். இது ஓஸ்முன்னுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. நேரே போய்க் கேட்டுவிடலாமே என்று யாரோ சொல்ல, "எப்படி இருக்கேன்னு அவன் மூஞ்சியப் பாத்துக் கேக்கறதா? அவன் மானம் என்னாவறது?" என்று குட்லோக் சீறினாளாம். கடைசியில் அவள் சொல்லச் சொல்ல பேடர் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினான்: "மரமண்டைகளே, இங்கே ஓஸ்முன் இரண்டு வாரமாக மரியாதையாகப் பேசுகிறான். சாமான்களை எல்லோருக்கும் கொடுக்கிறான். உடனே வந்து பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் கூரையில் இடி விழ."

நாலே நிமிடத்தில் விளக்கு பதில் அனுப்பியது. "அன்புள்ள பேடர், உங்கள் வலி எங்களுக்குப் புரிகிறது. நீங்கள் தனியாக இல்லை." பேடரின் நிறம் இரட்டைச் சிவப்பாயிற்று. அவனுக்கு எதிர்க்கரையில் டாக்டரைப் பார்க்க டிசம்பர் பன்னிரண்டு, பகல் ஒரு மணி என்று நேரமும் குறித்துக் கொடுத்தது.

ஓஸ்முன் இதற்கிடையில் நன்றி, மகிழ்ச்சி, அழகான வானம், அனைவருக்கும் வாழ்த்துகள் என்று எழுதிக்கொண்டிருந்தார். அவை எடையில்லாத சொற்கள். நீருக்கடியிலிருந்து குமிழி போல விட்டால் தாமாக மேலே போய்விடும், தள்ள வேண்டியதில்லை. டிசம்பர் எட்டாம் தேதி அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மாவட்டத்தின் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரில் அவர்தான் மிக மகிழ்ச்சியான மனிதர் என்று விளக்கு கண்டறிந்திருப்பதாகவும், சான்றிதழும் கேக்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவருடைய மகிழ்ச்சியின் வழிமுறைகளைக் குறித்துக்கொள்ள இங்குன் அம்மையார் நேரில் வருவார் என்றும் எழுதியிருந்தது.

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அப்படியானால் இதுதான் மகிழ்ச்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அறுபத்தேழு வருடமாகத் தனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பத்தாம் தேதி நண்பகல் படகில் இங்குன் வந்தார். நண்பகல் என்றால் வானத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு நீல வெளிச்சம், பாலில் மை கலந்தது போல, ஒரு மணி நேரத்துக்கு நிற்கும். அந்த வெளிச்சத்தில் மலைகள் எடையை இறக்கி வைத்துவிட்டுக் காற்றில் சும்மா நின்றுகொண்டிருந்தன. இங்குன் பச்சை முகத்தோடு மேட்டில் ஏறி வந்தார். ஒரு கையில் கேக் பெட்டி, மறு கையில் சட்டம் போட்ட சான்றிதழ்.

"உள்ளே வாங்க," என்றார் ஓஸ்முன். நீர் அப்போது அவர் தாடை வரை இருந்தது. அம்மாள் அதற்குள் சாதாரணமாக நடந்து வந்து, குடையை மூலையில் சாய்த்தார். குடை மெல்ல எழும்பி மிதந்தது.

"உங்க வீட்டுலயாவது வாஃபிள் இல்லாம இருக்குமான்னு வேண்டிக்கிட்டே வந்தேன்."

"இல்ல. மன்னிக்கணும். ஒண்ணுமே இல்ல."

"ஐயோ, கும்பிடப் போன தெய்வம் நீங்க." அம்மாள் நாற்காலியில் விழுந்தார். "இருபத்தெட்டுப் பேரு. எல்லா வீட்டுலயும் என்னைத் திட்டிக்கிட்டே தட்டுல போடறாங்க. ஒருத்தரும் அழல. நான்தான் ஒரு தடவை அழுதேன், படகு ஓட்டற லெய்டுல்ஃப் கிட்ட. அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னார் பாருங்க, அதுக்கு அர்த்தம் இன்னும் தெரியல. ஆனா கம்பளி எடுத்துப் போத்திவிட்டார்."

அம்மாள் சுற்றிப் பார்த்தார். அலமாரிகள் காலியாக இருந்தன. சுவரில் வெறும் ஆணிகள். அடுப்பின் மேல் தூசி.

"வீடு மாத்தறீங்களா?"

"இல்ல. சும்மா கொடுத்துட்டேன்."

"அட, இதுகூட ஒரு வழிமுறை போல," என்று அம்மாள் நோட்டில் எழுதிக்கொண்டார். "பொருள் மேல பற்று இல்லாம இருக்கறது. சரி, முதல்ல ஒரு ஒன்பது கேள்வி இருக்கு. சிவப்பு ஆளுங்களுக்கானது. உங்களுக்கு எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் வரும். இருந்தாலும் ஒப்பிட்டுப் பாக்க வேணும்னு சொல்றாங்க. வேகமா முடிச்சிரலாம். போன ரெண்டு வாரத்துல, எதுலயும் நாட்டமில்லாம இருந்த நாள் எத்தனை?"

ஓஸ்முன் யோசித்தார். மரியாதையானவர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும்.

"பதினாலு."

இங்குன் சிரித்தார். "உங்க ஊர்க்காரங்க கேலிக்கு நான் இப்பப் பழகிட்டேன். அடுத்தது. தூக்கம்?"

"படுக்கறேன். நாலு மணிக்கு முழிப்பு வந்துரும். அப்புறம் கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடப்பேன்."

"எத்தனை நாள்?"

"அக்டோபர் ஒன்பதுலேருந்து."

பேனா கொஞ்சம் மெதுவாயிற்று. சாப்பாடு? ருசி தெரிவதில்லை, நேற்று சாப்பிட்டதாக நினைவில்லை. களைப்பு? கை தூக்க முடிவதில்லை, நீர் கனமாக இருக்கிறது. அம்மாள் எந்த நீர் என்று கேட்கவில்லை. கேள்வித்தாளை மேசைமேல் வைத்துவிட்டு, கடைசிக் கேள்வியைத் தாளைப் பார்க்காமல் கேட்டார்.

"இல்லாமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணியிருக்கா, ஓஸ்முன்?"

ஜன்னலில் நீல வெளிச்சம் தீர்ந்துகொண்டிருந்தது. விளக்கடியில் மீன்கள் அசையாமல் நின்றன. பதில் தயாராகத்தான் இருந்தது. எத்தனையோ நாளாக அவர் நாக்கடியில் கூழாங்கல் போலக் கிடந்தது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

"தோணுது. படகை எடுத்துக்கிட்டு நேரா போயிட்டே இருந்தா போதும்னு. திரும்ப வேண்டாம்னு. படகை யாருக்குக் கொடுக்கறதுன்னு தெரியாமத்தான் இன்னும் போகல."

இங்குன் நோட்டை மூடினார். சான்றிதழ் மேசைமேல் தங்க எழுத்தோடு படுத்திருந்தது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார். கேக் பெட்டியைத் திறந்து, ஒரு துண்டு வெட்டி, ஓஸ்முன் கையில் கொடுத்தார். தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். இருவரும் தின்றார்கள். ஓஸ்முன்னுக்கு ருசி தெரியவில்லை, ஆனால் தொண்டைக்குள் இறங்கிற்று.

பிறகு அம்மாள் கைபேசியை எடுத்துக் கரையிலிருந்த அலுவலகத்தோடு அரை மணி நேரம் போராடினார். "தெரியுது, அவர் நிறம் பச்சைன்னு தெரியுது… ஆமா, அதே ஆள்தான், சான்றிதழ் ஆள்தான்… பிப்ரவரி கடைசியா? அதுவரைக்கும் நான் என்ன, அவர் மடியில உக்காந்திருக்கவா?" கடைசியில் வைத்துவிட்டு, கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "நிறத்தைக் கையால மாத்த முடியாதாம். மாத்தறதுக்குக் கமிட்டி கூடணுமாம். ஜனவரியில கூடுமாம். மத்த டாக்டர் யாரும் இந்தக் கரையில இல்லையாம்."

அந்த நேரம் பார்த்துப் பேடர் கதவைத் தட்டினான். சுத்தியல் இரவல் கேட்க வந்திருந்தான். அவன் கையிலேயே ஒரு சுத்தியல் இருந்தது.

அம்மாள் அவனை வாசலிலேயே நிறுத்தி, ஓஸ்முன் இருக்கும்போதே, ஓஸ்முன்னைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டு, உள்ளதைச் சொன்னார். பேடர் தன் பூட்ஸைப் பார்த்தபடி கேட்டான். முடிந்ததும் தொண்டையைக் கனைத்தான்.

"பன்னிரண்டாம் தேதி ஒரு மணிக்கு எனக்கு டாக்டர் இருக்காரு. இரட்டைச் சிவப்பு. எனக்கு அன்னிக்கு வலை உலர்த்தற வேலை." வலையைப் பார்த்துப் பேசுவது போல, சுவரைப் பார்த்துப் பேசினான். "இவன் போகட்டும்."

"நீங்களும் கூட வரணும், பேடர். உங்க பேரைத்தான் கூப்பிடுவாங்க."

"அப்ப வலை நனைஞ்சே கெடக்கட்டும்."

பன்னிரண்டாம் தேதி வரைக்கும் இங்குன் ஊருக்குத் திரும்பவில்லை. குட்லோக் ஒரு சட்டி மீன் சூப்போடு வந்து, கடையில் அடுப்பு கெட்டுவிட்டது, இங்கேதான் சூடாக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டு நாளும் ஓஸ்முன் வீட்டு அடுப்பிலேயே சமைத்தாள். பகலெல்லாம் யாராவது ஒருவர் அங்கே எதையாவது பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழுதில்லாத கதவுக் கீல் மூன்று முறை கழற்றி மாட்டப்பட்டது.

கரையில் டாக்டர் கதவைத் திறந்து "பேடர்" என்று கூப்பிட்டபோது இரண்டு கிழவர்கள் எழுந்து நின்றார்கள்.

"நான்தான் பேடர்," என்றான் பேடர். "சீக்காளி இவன்."

டாக்டர் திரையைப் பார்த்தார். "இவர் ஓஸ்முன் இல்லையா? மாவட்டத்துலயே மகிழ்ச்சியான…"

"அந்தக் கண்றாவியை அணைச்சுட்டு இவன் மூஞ்சியப் பாருய்யா."

டாக்டர் பார்த்தார். கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்தார். பிறகு கதவை அகலமாகத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பேடரின் பெயரில் குறித்த இருபது நிமிடம் முடிந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை. ஓஸ்முன் பேசினார். மெதுவாக, இடையிடையே நிறுத்தி, நிறுத்திய இடத்தில் டாக்டர் காத்திருக்க, மறுபடி தொடங்கி. அவர் வெளியே வந்தபோது கையில் ஒரு மருந்துச் சீட்டும், அடுத்த வாரம் வர வேண்டிய தேதியும், இடையில் எந்த நேரமானாலும் கூப்பிட ஒரு எண்ணும் இருந்தன. நீர் இன்னும் தாடை அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் அது அசைந்துகொண்டிருந்தது. எங்கேயோ ஒரு பக்கமாக மெல்லப் போய்க்கொண்டிருப்பது போலிருந்தது.

சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பது காட்டியது.

தீவுக்குப் படகு இரண்டேகாலுக்கு. லெய்டுல்ஃப் யாருக்காகவும் ஒரு நிமிடம் தாமதித்தவரில்லை. தன் சொந்தக் கல்யாணத்தன்றே, மணப்பெண் கரையில் கையசைத்துக்கொண்டிருக்க, நேரமாயிற்றென்று கிளப்பிக்கொண்டு போனவர். மறுநாள் வந்துதான் கட்டிக்கொண்டார். கூட வந்திருந்த இங்குனோடு மூவரும் விடுதி தேடிப் போகும் எண்ணத்தோடு துறைக்கு இறங்கினார்கள்.

படகு அங்கேயே இருந்தது.

உள்ளே எட்டுப் பேர் தொப்பியும் கையுறையுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் கிறிஸ்துமஸ் மரம். ஒருவர் மடியில் உருகத் தொடங்கிய மீன் பெட்டி. லெய்டுல்ஃப் கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"இன்ஜின் கிளம்ப மாட்டேங்குது," என்றார் அவர், ஓஸ்முன்னைப் பார்க்காமல். "ஒண்ணரை மணி நேரமா பாக்கறேன். கிழட்டு இன்ஜின்."

ஓஸ்முன் படகில் கால் வைத்தார். பலகைக்கு அடியில் இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுக்கம் அவர் உள்ளங்காலில் ஏறி, முழங்காலில் ஏறி, உட்கார்ந்ததும் முதுகெலும்பில் ஏறியது. எதிரே இருந்த எட்டுப் பேரின் கன்னங்களும் அதே தாளத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. கிறிஸ்துமஸ் மரம் ஆடியது.

"மோசமான இன்ஜின்," என்றார் மீன் பெட்டிக்காரர் கடைசியில்.

"ரொம்ப மோசம்," என்றாள் மரக்காரி, கொஞ்சம் நகர்ந்து ஓஸ்முன்னுக்கு இடம் விட்டபடி.

லெய்டுல்ஃப் கயிற்றை அவிழ்த்துவிட்டு உள்ளே போனார். "இப்ப சரியாயிரும்னு நினைக்கிறேன்," என்று அவர் குரல் கேட்டது. படகு துறையை விட்டு விலகியது.